புது டிரைவரிடம் சாவி கொடுப்பதற்கு முன்

[காட்சி: பட்டறையில் நிற்கும் பன்னிரண்டு சக்கர லாரி]

வணக்கம். நாமக்கல், சங்ககிரி பக்கம் எந்த லாரி ஓனரைக் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: "வண்டி இருக்கு, ஓட்ட ஆள் இல்லை." வண்டி நின்றாலும் வண்டிக் கடனுக்கான டியூ நிற்காது. அந்த அவசரத்தில், வந்த ஆளிடம் அப்படியே சாவியைக் கொடுத்துவிடுகிறோம்.

நானும் கொடுத்திருக்கிறேன். நாலே நாளில் கிளட்ச் பிளேட் கருகி, கர்நாடகாவில் ரோட்டோரம் வண்டி நின்றது. மெக்கானிக்கை அனுப்பி, லோடை வேறு வண்டிக்கு மாற்றி, அந்த மாத வருமானம் அதிலேயே போய்விட்டது. அந்த டிரைவரைக் குறை சொல்ல மாட்டேன். அதுவரை ஆறு சக்கர வண்டிதான் ஓட்டியிருக்கிறார். நான்தான் கேட்கவில்லை.

[காட்சி: லைசன்ஸ் கார்டு, பக்கத்தில் மொபைல் திரை]

சரி, முதலில் லைசன்ஸ். கார்டைக் கையில் வாங்கிப் பார்ப்பது போதாது. மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனில், லைசன்ஸுக்கான சாரதி பக்கத்தில் லைசன்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போடுங்கள். எந்த மாநில லைசன்ஸாக இருந்தாலும் பாருங்கள். அதில் இரண்டு தேதி இருக்கும். ஒன்று சொந்த வண்டிக்கு, இன்னொன்று டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு. நம்மில் பலர் முதல் தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடுகிறோம். நமக்கு வேண்டியது இரண்டாவது. டிரான்ஸ்போர்ட் லைசன்ஸை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கேஸ் டேங்கர் என்றால் அபாயகரமான சரக்கு ஓட்டுவதற்கான அனுமதியும் தனியாக ஏறியிருக்க வேண்டும்.

பார்த்த பக்கத்தை பிரிண்ட் எடுத்து, தேதி போட்டு ஃபைலில் வையுங்கள். லைசன்ஸ் இல்லாத ஆளிடம் வண்டி கொடுத்தால் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம். அது சின்னத் தொகை. பெரிய அடி விபத்து நடந்தால்தான் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கட்டிவிட்டு, அதை உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். லைசன்ஸ் போலி என்பது மட்டும் கம்பெனி கைகழுவப் போதாது, ஓனர் கவனமில்லாமல் இருந்தார் என்பதையும் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்று 2004-ல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் கவனமாக இருந்தீர்கள் என்று அன்றைக்குப் பேசப்போவது அந்த பிரிண்ட்தான்.

அப்புறம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காலி வண்டியில் வேண்டாம், லோடு வண்டியில். ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வருகிறாரா, டயரைத் தட்டிப் பார்க்கிறாரா? இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருகிறாரா, கியரைக் குறைக்கிறாரா? பத்து கிலோமீட்டரில் தெரிந்துவிடும். முதல் இரண்டு டிரிப்புக்குப் பழைய டிரைவர் ஒருவரையும் கூடவே அனுப்புங்கள். அவருக்குக் கொடுக்கும் படி (பேட்டா) கூடுதல் செலவுதான், ஆனால் ஒரு கிளட்ச் செலவைவிடக் குறைவு.

[காட்சி: டிரிப் ஷீட், டீசல் பில்]

டீசலைப் பார்ப்போம். நாமக்கல்லில் இருந்து மும்பை சுமார் 1,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கிடைத்தால் 300 லிட்டர். அதுவே மூன்றரை என்றால் 343. லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு வழிக்கே 3,800 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். சம்பளத்தில் ஐந்நூறு, ஆயிரம் பேரம் பேசுகிறோம், இதைக் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் முதல் டிரிப்பிலேயே திட்டாதீர்கள். வண்டியும் ரூட்டும் அவருக்குப் புதுசு. மூன்று டிரிப் சராசரியைப் பார்த்துப் பேசுங்கள்.

அட்வான்ஸ் கேட்பார்கள். வீட்டில் கஷ்டம் இருக்கும், கொடுங்கள். மொத்தமாக வேண்டாம், டிரிப் டிரிப்பாக, கையெழுத்து வாங்கிக்கொண்டு. அதற்காக ஒரிஜினல் லைசன்ஸை வாங்கிப் பீரோவில் வைக்காதீர்கள். ரோட்டில் அது அவரிடம் இருக்க வேண்டும்.

பாலிசியில் டிரைவர், கிளீனருக்கான பொறுப்பு சேர்ந்திருக்கிறதா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். அதற்கான பிரீமியம் மிகச் சிறியது. வேலையில் இருக்கும்போது டிரைவருக்கு ஏதாவது ஆனால், இழப்பீட்டுக்கு முதலில் பொறுப்பு நீங்கள்தான்.

வண்டி வந்து நின்ற அன்றே கணக்கை முடித்து, படியைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அடுத்த லோடு ஏற்ற அவரே போன் செய்வார்.