ஷோரூம் வெளிச்சமும் காசிமேட்டு உப்புக் காற்றும்

வணக்கம் மக்களே. இன்று வடசென்னை தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில், சுத்தம் செய்ய வந்த கார் பக்கத்தில் நிற்கிறேன். பின்னால் கேட்கும் சத்தம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டிகள். அதை எடிட்டிங்கில் எடுக்க வழியில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பது ஒரு கொட்டேஷன். நம்ம சேனல் பார்க்கும் தம்பி ஒருவர் அனுப்பியிருந்தார். "அண்ணா, முதல் கார். இதில் எது வேணும், எது வேணாம்னு சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். ஷோரூம் பெயரை மறைத்துவிட்டேன். மேலே எக்ஸ் ஷோரூம் விலை, ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ். அதெல்லாம் தெரிந்த கதை. கீழே வாருங்கள். எசென்ஷியல் கிட். இன்டீரியர் ப்ரொடெக்‌ஷன். ஆன்ட்டி பாக்டீரியா ட்ரீட்மென்ட். 7டி மேட், அதாவது காரின் தரையை மூடுகிற கெட்டி மேட். பிரீமியம் சீட் கவர். பெர்ஃப்யூம். கூட்டிப் பார்த்தால் 40,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு!

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வீடு வீடாகப் போய் கார் உள்ளே சுத்தம் செய்வதுதான் எனக்குச் சோறு போடுகிற தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். டெலிவரிக்கு முன்னால் காரின் உள்பக்கத்துக்கென்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சாதாரண ரப்பர் மேட் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், போதும். இரண்டு மூன்று மாதம் ஓட்டுங்கள். வண்டி என்ன கேட்கிறது என்று அதுவே காட்டிவிடும்.

சேல்ஸில் நிற்கும் பசங்களைத் திட்டவில்லை. காரை விற்பதில் டீலருக்கு நிற்கிற லாபம் ரொம்ப மெல்லிசு. இன்சூரன்ஸ், லோன், எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஆக்சசரி, இதிலெல்லாம்தான் கடை ஓடுகிறது. அந்தப் பையனுக்கு மாதா மாதம் ஆக்சசரி டார்கெட் தனியாக இருக்கும். அவர் வேலையை அவர் செய்கிறார், நம்ம வேலையை நாம் செய்ய வேண்டும். இன்சூரன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம்தான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாலே பேச்சு மாறும்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு அப்புறம் ஷோரூமில் ஒரு பேச்சு கேட்கிறேன். "அதான் வரி குறைஞ்சிருச்சே சார், மிச்சமான காசுல டாப் வேரியண்ட் போயிடுங்க, உள்ள சீட் கவர் போட்டுக்கோங்க." மிச்சமான காசு மிச்சமாகவே இருந்தால் யாருக்கு என்ன வலி? ஆடி ஆஃபரும் இப்படித்தான். ஆக்சசரி இலவசம் என்பார்கள். அதைப் பணமாகக் கழிக்கச் சொல்லுங்கள். முழுதாகக் கழிக்க மாட்டார்கள். பாதி கழித்தாலும் உங்களுக்கு லாபம்.

அப்புறம் அந்த லைட். ஷோரூமில் காரின் மேல் அடிக்கிற வெளிச்சத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த வெளிச்சத்தில் கியர் பக்கத்தில் இருக்கும் பளபளா கறுப்பு பிளாஸ்டிக், பியானோ பிளாக் என்பார்கள், கண்ணாடி மாதிரி இருக்கும். இந்த வண்டியைப் பாருங்கள், டார்ச் அடிக்கிறேன். எவ்வளவு கோடு தெரிகிறதா? யாரும் கம்பியால் கீறவில்லை. இந்தப் பக்கம் வீட்டு மொட்டை மாடியிலேயே விரலால் தடவினால் சாம்பலும் தூசியும் ஒட்டும். அதே தூசிதான் இங்கேயும். காய்ந்த துணியால் தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு கோடு. முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், அப்புறம் ஈரமான மைக்ரோஃபைபர் துணி. இவ்வளவுதான்.

இன்டீரியர் ப்ரொடெக்‌ஷன் என்று ஒரு வரி இருந்ததே, பெரும்பாலும் அது டேஷ்போர்டிலும் கதவிலும் அடிக்கிற சிலிக்கான் பாலிஷ். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். அந்த எண்ணெய்ப் பசையில் நம்ம ஊர் தூசி வந்து உட்காரும். அதைவிட மோசம், பகல் வெயிலில் டேஷ்போர்டின் பிம்பம் முன் கண்ணாடியில் விழும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் முன்னால் டிரெய்லர் போகும்போது கண்ணாடியில் இந்த மினுமினுப்பு தேவையா? அடிக்கத்தான் வேண்டும் என்றால் பளபளப்பு இல்லாத பாலிஷ் வாங்கி, துணியில் தெளித்துத் துடையுங்கள். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் வேண்டவே வேண்டாம், வழுக்கும்.

சீட் கவருக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். டிரைவர் சீட்டின் வெளி ஓரத்தில், கதவுப் பக்கம், சின்னதாக ஒரு பட்டி தைத்திருக்கும். ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இதோ. அந்தப் பட்டி இருந்தால் சீட்டுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். இடித்த நொடியில் அது இந்தத் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அதன் மேல் கெட்டியான ரெக்சினை இழுத்துத் தைத்துவிட்டால் எப்படி வரும்? ஏர்பேக்கை எண்ணிப் பார்த்து வண்டி வாங்குகிறோம், டெலிவரி அன்றே அதன் வாயைக் கட்டிவிடுகிறோம். கவர் போட்டே ஆக வேண்டும் என்றால் அந்த ஓரத்தில் எளிதாகப் பிரிகிற தையல் போட்ட கவரா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முழித்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

வென்டிலேட்டட் சீட்டுக்காகவே, அதாவது ஓட்டை வழியாகக் காற்று விடுகிற சீட்டுக்காகவே, ஒரு வேரியண்ட் ஏறி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நம்ம வியர்வைக்கு அது நல்ல வசதி, மறுக்கவில்லை. வாங்கிவிட்டு மேலே கவர் போட்டால் அந்த ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்ளும். காற்றுக்குக் கொடுத்த காசு காற்றில் போச்சு.

மேட்டும் அதே போலத்தான். 7டி மேட் கெட்டியாக, பார்க்க அழகாக இருக்கும். டிரைவர் பக்கம் அது நகர்ந்து ஆக்சிலரேட்டர் பெடலுக்கு அடியிலோ மேலேயோ மாட்டக்கூடாது. 2009ல் அமெரிக்காவில் டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது இந்த மேட் விஷயத்துக்காகத்தான். கம்பெனி கொக்கி கொடுத்திருந்தால் அதில் மாட்டுங்கள். மேட்டின் மேல் இன்னொரு மேட் போடவே போடாதீர்கள்.

சரி, இன்றைய வண்டி. இந்த வீட்டு அண்ணன் விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து வருகிறவர். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு டிக்கியில் வைப்பார். ஐஸ் உருகும், பெட்டி கசியும். கேமராவைக் கீழே கொண்டு போகிறேன். சீட்டைப் பின்னால் தள்ளியிருக்கிறேன். சீட் முன்னும் பின்னும் நகர்கிற இந்த ரெயில் பள்ளத்தில் மினுக்குகிறதே, ஜிகினா இல்லை. மீன் செதில். அதைச் சுற்றி பழுப்பாக இருப்பது துரு. கடலோரக் காற்றில் இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் ராயபுரம், திருவொற்றியூர் வண்டிகளில் சீட் ரெயிலும் சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன. முதலில் வேக்யூம், அப்புறம் பிழிந்த ஈரத்துணி, நன்றாகக் காய்ந்ததும் கொஞ்சம் வெள்ளை கிரீஸ். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கலரில் கனெக்டர் தெரிந்தால் கை வைக்காதீர்கள், தண்ணீர் அடிக்காதீர்கள். அது ஏர்பேக் வயர்.

இப்போது வாடை. அண்ணன் வீட்டில் அக்கா, "இன்னாபா, மூணு பெர்ஃப்யூம் மாட்டியும் போகலயே" என்றார். எப்படிப் போகும்? மல்லிப்பூ வாசனை போட்ட மீன் வாடை ஆகிவிட்டது, அவ்வளவுதான். மீன் வாடைக்கு முக்கியக் காரணம் ட்ரைமெத்தில் அமீன் என்ற பொருள். அது காரத்தன்மை உள்ளது. அமிலம் பட்டால் அடங்கும். மீன் கழுவும்போது நம்ம வீட்டில் எலுமிச்சையும் புளியும் எடுப்பது இதனால்தான். வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, ஓரமாக ஒரு இடத்தில் போட்டுச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு, டிக்கி கார்ப்பெட்டில் லேசாகத் தெளித்து, துணியால் ஒற்றி எடுங்கள். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும்.

குழந்தை இருக்கும் வீட்டில் பிரச்சினை பால். சிந்திய பால் புளித்தால் வருகிற வாடை அமிலப் பக்கம். அங்கே வினிகர் வேலை செய்யாது, ஆப்ப சோடா வேண்டும். முதலில் பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக் காயவிட்டு, சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டு, காலையில் வேக்யூம் போடுங்கள். வீடியோக்களில் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து நுரை வரவழைத்துக் காட்டுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு இரண்டுமே வீண். அந்த நுரையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

டேஷ்போர்டில் ஒட்டுகிற பெர்ஃப்யூம் பாட்டிலுக்கும் ஒரு வார்த்தை. இதோ இந்த வட்டம், பாட்டில் கவிழ்ந்து பிளாஸ்டிக்கின் மேல் தோலையே தின்றுவிட்டது. இதை நானும் சரி செய்ய முடியாது, யாரும் முடியாது. கொரோனா காலத்துப் பழக்கத்தில் சானிடைசரால் ஸ்டியரிங் துடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆல்கஹால் ரெக்சினின் மேல் பூச்சைக் கெடுக்கும், நாளாக நாளாக உரியும். மேலும், அக்னி நட்சத்திர வெயிலில் மூடி நிற்கிற காருக்குள் வெளியைவிட 20 டிகிரிக்கு மேல்கூடச் சூடு ஏறும். அதில் சானிடைசர் பாட்டிலையும் ஸ்பிரே டப்பாவையும் விட்டுவிட்டுப் போகிறோம்.

ஏசி ஃபில்டரை எடுக்கிறேன். பல வண்டிகளில் கிளவ் பாக்ஸைக் காலி செய்து இரண்டு பக்கச் சுவரையும் உள்ளே அமுக்கினால் அது கீழே தொங்கும், பின்னால் ஒரு மூடி. இழுத்தால்... பாருங்கள். வெள்ளையாக இருந்த பேப்பர். மணலி, எண்ணூர் பக்கம் தினமும் போய் வருகிறவர்கள் மேனுவலில் எழுதியிருக்கும் கிலோமீட்டருக்குக் காத்திருக்க வேண்டாம், அதற்கு முன்பே எடுத்துப் பாருங்கள். சாதாரண பேப்பர் ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும், வாயு வாடையைப் பிடிக்காது. மணலி ஆலை வாடைக்குக் கார்பன் ஃபில்டர் பரவாயில்லை. மாட்டும்போது அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள். ஏசி போட்டவுடன் புழுக்க வாடை வந்தால் உள்ளே காற்றைக் குளிர்விக்கிற குழாய்ச் சுருள், கூலிங் காயில் என்பார்கள், ஈரமாகவே நிற்கிறது. வீடு சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசியை மட்டும் அணைத்து ஃபேனை ஓடவிடுங்கள், அந்தச் சுருள் உலர்ந்துவிடும். ஆன்ட்டி பாக்டீரியா ட்ரீட்மென்ட்டைவிட இது மேல், செலவும் இல்லை.

இடது பக்கம் முன்னால் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் ஈரமாக இருந்தால் ஏசி தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்திருக்கலாம். மேட்டைத் தூக்கிக் கையால் அமுக்கிப் பாருங்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கீழே இருக்கும் பஞ்சு தண்ணீர் குடித்திருக்கும். அதனால்தான் மழைக்காலத்தில் சீட்டுக்கு ஷாம்பு வாஷ் வேண்டாம் என்று நானே கஸ்டமரைத் திருப்பி அனுப்புகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் காற்றில் எதுவும் காயாது, பூஞ்சைதான் வளரும்.

பழைய கார் பார்க்கிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை எல்லாம் எப்படித் தண்ணீரில் நின்றது என்று உங்களுக்கே தெரியும். எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டியை வெளியே பாலிஷ் போட்டு மறைக்கலாம், சீட் பெல்ட்டை மறைக்க முடியாது. கடைசி வரைக்கும் இழுங்கள். அடியில் மண் கோடு இருந்தால், சேற்று வாடை அடித்தால், பெல்ட்டை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஸ்டெப்னி பள்ளத்தையும் திறந்து பாருங்கள். புதுசாகப் போட்ட சீட் கவரும் புது கார்ப்பெட்டும் பழைய வண்டியில் இருந்தால் எனக்கு அதுவே சந்தேகம்.

கண்ணாடிக்கு சன் ஃபிலிம் ஒட்டலாமா என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். விதியில் முன், பின் கண்ணாடிக்கு 70 சதவீதம், பக்கக் கண்ணாடிக்கு 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும். 2012ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டது. ஒட்டச் சொல்லுகிற கடைக்காரர் ஃபைன் கட்ட வரமாட்டார். வெயிலுக்கு முன் கண்ணாடியில் மடிக்கிற சன் ஷேடு போதும்.

அண்ணன் சாவிக்காக நிற்கிறார், கிளம்ப வேண்டும். டிக்கி மேட் இன்னும் காயவில்லை, அதை மாடியில் கயிற்றில் போடச் சொல்லியிருக்கிறேன், நாளைக்குச் சாயங்காலம் அவரே போட்டுக்கொள்வார். உங்கள் சீட் துணியா ரெக்சினா, என்ன கறை என்று கீழே எழுதுங்கள். போட்டோவும் இருந்தால் நல்லது. அடுத்த வீடியோவில் ரூஃப் துணி தொங்குவதைப் பார்க்கலாம்.