தராசின் பக்கத்தில் ஓர் ஆள்

நடுவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் இரு அணிப் பெரியோர்களே, மே நாள் விடுமுறையிலும் பட்டறை வேலையை முடித்துவிட்டுச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்தும் சிவதாபுரத்திலிருந்தும் பனங்காட்டிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் உழைக்கும் மக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

“தொழிலாளியின் வாழ்வை உயர்த்தியது சட்டமா, சங்கமா?” என்ற இன்றைய வழக்கில், சங்கமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஐயா மூன்று வாதங்களை வைத்தார். வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைத் தந்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஈ.எஸ்.ஐ. மருத்துவத்தைத் தந்தது அதே ஆண்டில் வந்த இன்னொரு சட்டம், போனசைத் தந்தது 1965ஆம் ஆண்டின் சட்டம், ஆகவே பெற்றதெல்லாம் சட்டத்தால் பெற்றது என்றார். சங்கங்கள் கட்சிக்கொரு கொடியாகப் பிரிந்து நிற்கின்றன என்றார். கடைசியாக நம் சேலத்துக் கொலுசுத் தொழிலைக் காட்டி, வீட்டுக்கு வீடு சிதறிக் கிடக்கும் இவர்களை எந்தச் சங்கம் சேர்த்துக் கட்டும், இவர்களுக்குச் சட்டத்தை விட்டால் வேறு கதி ஏது என்று கேட்டு அமர்ந்தார். இந்த மூன்றாவது கேள்விதான் கனமானது. அதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஆனால் அதற்கு முன், சட்டம் தொழிலாளியின் பணியிடத்துக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை என் அம்மாவின் கதையிலிருந்து சொல்ல வேண்டும்.

நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அம்மா பழம் பறிப்பவர். கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும் பறிப்புக் காலத்தில், விடியற்காலைப் பனியில் செடிக்குள் நுழைந்தால் இடுப்புக்குக் கீழே புடவை நனைந்து ஒட்டிக்கொள்ளும். சிவந்த பழத்தை மட்டும் கிள்ளவேண்டும், பச்சைக்காய் கலந்தால் மேஸ்திரி திட்டுவார். மாலை நான்கு மணிக்குச் சாக்கைத் தலையில் சுமந்து களத்துக்கு வந்தால், அங்கே ஒரு தொங்கு தராசு. கணக்குப்பிள்ளை எடையைப் பார்த்து நோட்டில் எழுதுவார். எழுதும்போது ஒவ்வொரு சாக்குக்கும் இரண்டு கிலோவைக் கழித்துவிடுவார். “சாக்கு எடை, பழத்தின் மேல் இருக்கிற ஈரத்தின் எடை” என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கிலோக் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணுக்கு, ஒரு நாளில் இரண்டு சாக்கு என்றால் நான்கு கிலோவுக்கான உழைப்பு அந்தக் களத்திலேயே போய்விடும்.

அப்போது சட்டம் இல்லாமல் இல்லை, நடுவர் அவர்களே. எடை அளவை முறையாக இருக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இலேயே வந்துவிட்டது. குடியிருப்பு, மருத்துவம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம், மழைக்கும் குளிருக்கும் கம்பளி, குடை என்று அதில் எழுதியிருந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா என்னைச் சில்வர் ஓக் மரத்தடியில் தூளி கட்டிப் போட்டுவிட்டுத்தான் பறிக்கப் போனார். ஆய்வாளர் வரும் நாளில் ஜீப் பங்களா வரைக்கும் போய்த் திரும்பும், லைன் வீட்டுப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, சேலத்திலிருந்து சங்கத்துக்காரர் ஒருவர் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிக் கடைசிப் பேருந்தில் வருவார். லைன் வீட்டு வாசலில் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் பெண்கள் உட்காருவார்கள். அவர் அதிகம் பேசமாட்டார், கேட்பார். தராசைப் பற்றி அம்மா சொன்னபோது, “வெறும் சாக்கு எவ்வளவு இருக்கும் என்று யாராவது போட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். யாரும் பார்த்ததில்லை. மறுநாள் மாலை, நனைந்த வெறும் சாக்கு ஒன்றை எடுத்து அம்மா தராசின் கொக்கியில் மாட்டினார். பின்னால் பதினாறு பெண்கள் நின்றார்கள். முள் ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை. கணக்குப்பிள்ளை முள்ளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். அந்த வாரமே பேச்சுவார்த்தை நடந்தது. முதலில் வெறும் சாக்கை நிறுத்துவது, எடை போடும்போது தராசின் பக்கத்தில் தொழிலாளர் தரப்பில் ஒரு பெண் நிற்பது என்று முடிவாயிற்று. மூன்றாவது மாதத்தில் கம்பளி வந்தது. கருநீலத்தில் சிவப்புக் கரை போட்ட அந்தக் கம்பளி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அம்மா தனியாகப் போய் அந்தச் சாக்கை மாட்டியிருந்தால் மறுநாள் செக்ரோல் என்னும் ஆள் பதிவேட்டில் அவர் பெயர் இருந்திருக்காது. பதினாறு பேர் நின்றதால் எல்லோர் பெயரும் இருந்தது. எழுதி வைத்த சட்டத்தைக் களத்துக்குக் கொண்டுவந்தது அந்தப் பதினாறு பேர்தான்.

இனி எதிரணித் தலைவர் ஐயாவின் முதல் வாதத்துக்கு வருகிறேன். சட்டம் தந்தது என்கிறார். சட்டத்தைத் தந்தது யார் என்று நான் கேட்கிறேன். தொழிலாளியைப் பற்றிச் சட்டம் எழுதினாலே அது தொழிலாளிக்கு நன்மை என்று எண்ணிவிட முடியாது. 1859இல் வந்த ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கிய கூலியாள் வேலையை விட்டுப் போனால் அவரைச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் எங்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த காலம் முதல் 1951 வரைக்கும், 120 ஆண்டுகளுக்கு மேலாக, தோட்டத் தொழிலாளியின் நலனுக்கென்று நாடு தழுவிய சட்டம் ஒன்று வரவில்லை.

நிலைமை மாறத் தொடங்கியது எங்கே? சென்னைப் பெரம்பூரில். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அவர்களின் முதல் குறைகளில் ஒன்று. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்கை எடுக்க, பி.பி.வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத் தலைவராகவும் பொறுப்பேற்று 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அப்போது தொழிற்சங்கத்துக்கென்று இந்தியாவில் சட்டமே கிடையாது. 1920இல் தகராறு முற்றியதும், தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று வாடியா மீது நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்துவதே குற்றமாகிவிடும் நிலையைக் கண்டுதான் தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. சங்கத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே எட்டு ஆண்டுகள். தாய்க்கு முன்னே பிள்ளை பிறந்ததாக எதிரணியினர் வாதிடுகிறார்கள், நடுவர் அவர்களே.

பெற்ற பிள்ளையைக் காப்பாற்றுவதும் தாய்தான். 2023 ஏப்ரல் 21 அன்று, ஆலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி திறக்கும் சட்டத் திருத்தம் நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. அதுவும் சட்டம்தான். ஆளுங்கட்சியின் தொழிற்சங்கம் உட்பட எல்லாச் சங்கங்களும் எதிர்த்தன, வேலைநிறுத்தம் அறிவித்தன. மூன்றே நாளில் திருத்தம் நிறுத்தி வைக்கப்பட்டது. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் முதல் மே நாளைக் கொண்டாடி நூறாண்டு நிறைந்த 2023 மே 1 அன்று, அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்து நாள் இடைவெளி. அந்தப் பத்து நாளில் சட்டப் புத்தகம் தானாகத் தன்னைத் திருத்திக்கொண்டதா? என் அம்மாவுக்குக் கம்பளி வாங்கித் தந்த 1951ஆம் ஆண்டுச் சட்டமும் இன்று தனிச் சட்டமாக இல்லை. 2025 நவம்பர் 21 முதல் 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளுக்குள் போய்விட்டன. அந்தப் புதிய தொகுப்பில் மலைத் தொழிலாளிக்கு எது மிஞ்சியது, எது போயிற்று என்று வரிவரியாகப் படித்துச் சொல்ல, அந்தக் கடைசிப் பேருந்தில் ஏறிவர ஓர் ஆள் வேண்டும்.

கொடிகள் பிரிந்து கிடக்கின்றன என்ற குறையை நான் மறுக்கவில்லை. அது உண்மை, வருத்தத்துக்கு உரிய உண்மை. 2015இல் மூணாறு தேயிலைத் தோட்டங்களில், நம் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 ஆகக் குறைக்கப்பட்டதை எதிர்த்த அவர்கள், அதற்கு உடன்பட்டுப் போன சங்கத் தலைவர்களையும் சேர்த்தே கேள்வி கேட்டார்கள். கேட்டவர்கள் கலைந்து வீட்டுக்குப் போய்ச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டார்களா? ‘பெம்பிளை ஒருமை’, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்ற பெயரில் தாங்களே ஓர் அமைப்பானார்கள். கெட்டுப்போன சங்கத்துக்கு அவர்கள் கண்ட மருந்து இன்னொரு நல்ல சங்கம். நம் சேலம் உருக்காலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தனியாருக்கு விற்கும் முயற்சி நடந்த ஆண்டுகளில், வெவ்வேறு கொடிகள் ஒரே வாயிலில் சேர்ந்து நின்றதை இந்த ஊரே பார்த்தது. 2023இல் மத்திய அரசு விற்பனையைக் கைவிட்டது. வாங்க முன்வந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த வாயிலில் வெயிலிலும் மழையிலும் நின்ற தொழிலாளர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து.

மூன்றாவது வாதம். கொலுசு.

நான் இப்போது வாழ்வது சிவதாபுரத்தில். எங்கள் தெருவில் வாசல்தோறும் பலகை போட்டுப் பெண்கள் கொலுசுக் கண்ணி கோர்க்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா காலை சமையல் முடித்து உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை எழுவதில்லை. வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறார்கள், வேலை முடிந்ததும் எடை போட்டு வாங்குகிறார்கள். குறைந்தால் கூலியில் பிடிக்கிறார்கள். இரண்டு எடையும் கொடுப்பவரின் தராசில், கொடுப்பவரின் கடையில். போன தைக்குப் பிறகு ஒருநாள், அக்கா கூலி வாங்கி வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “எனக்குத் தெரியும், நான் ஒரு பொட்டுகூடச் சிந்தவில்லை. ஆனால் யாரிடம் சொல்வது?” என்றார். என் அம்மாவின் களம் என் கண்முன் வந்து நின்றது.

எதிரணித் தலைவர் ஐயா, சிதறிக் கிடப்பவர்களுக்குச் சட்டமே வழி என்கிறீர்கள். இந்த அக்காவுக்கு எந்தச் சட்டம் வந்தது? ஆலை என்று சொல்ல வாசற்பலகை இல்லை, முதலாளி என்று காட்ட ஒருவர் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் அதன் நலவாரியங்களும் இருக்கின்றன. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. அந்த வாரியத்தில் பதிவு செய்து அட்டை வாங்கவேண்டும், அட்டையைப் புதுப்பிக்கவேண்டும். எங்கள் தெருவில் அட்டை வைத்திருக்கும் பெண்கள் எல்லோரும் ஒரு சங்கத்துக்காரர் விண்ணப்பம் நிரப்பித் தந்து, கூடவே அழைத்துப் போனதால் வாங்கியவர்கள். தாமாகப் போய் வாங்கிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

துணிக்கடைகளையும் நினைத்துப் பாருங்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் கூடிப் போராடியதன் தொடர்ச்சியாக, உட்காரும் உரிமை 2018இல் கேரளத்தில் சட்டமாயிற்று. 2021இல் தமிழ்நாட்டிலும் வந்தது. ஒரு கடையில் நான் புடவை எடுத்துக்கொண்டிருந்தபோது, மேசைக்குப் பின்னால் நான்கு ஸ்டூல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்ததைக் கண்டு, “உட்கார்ந்தால் என்ன, பாப்பா?” என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டேன். “மேனேஜர் இருக்கிறார், அக்கா” என்று மெல்லச் சொன்னாள். இருக்கை வந்துவிட்டது. உட்கார்ந்தால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியம் அவளுக்கு இன்னும் வரவில்லை. அந்தத் தைரியம் பத்துப் பேர் சேர்ந்து உட்காரும் நாளில் வரும்.

தொழிற்சங்கம் பதிவு செய்ய விண்ணப்பத்தில் ஏழு பேர் கையெழுத்திடவேண்டும். 2001இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தத் தொழிலில் உள்ளவர்களில் பத்து சதவீதம் பேரோ 100 பேரோ, எது குறைவோ அத்தனை பேர், உறுப்பினராகவும் இருக்கவேண்டும். கொலுசுத் தொழில் பெரியது, ஆகவே எங்கள் கணக்கு 100. மாசியில் பேச ஆரம்பித்தோம். பகலில் வேலை, ஆகவே இரவு எட்டு மணிக்குமேல் மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்காருகிறோம். தராசு கடையில் இருக்கட்டும், எடை போடும்போது எங்களில் ஒருத்தி பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதுதான் முதல் கோரிக்கை. விண்ணப்பத்தை நான் எழுதியிருக்கிறேன், முதல் கையெழுத்து பக்கத்து வீட்டு அக்காவுடையது. நேற்று இரவு வரைக்கும் 38 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் திடலில் கண்ணி கோர்க்கும் சகோதரிகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் நான் மேடையின் இடப்பக்கப் படிக்கட்டில் நோட்டுடன் இருப்பேன். இன்னும் 62 பேர் வேண்டும்.

வாய்ப்புக்கு நன்றி, நடுவர் அவர்களே.