அப்பா பெயரே சர்நேம் ஆகும்போது குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். அடுத்த கேள்வியை ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. கணவர் பெயர் கார்த்திகேயன். மாமியார் வீட்டில் கீர்த்தனா என்கிறார்கள், இவருக்கு யாழினி பிடித்திருக்கிறது. "கார்த்திகேயனோடு எது பொருந்தும்? நமக்குத்தான் குடும்பப் பெயர் கிடையாதே, சர்நேமைக் காலியாக விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

காலியாக விடுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். நம் ஊர்ப் பள்ளியில் கா. யாழினி என்றால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் சர்நேம் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வாங்கினால், இருக்கிற ஒரே பெயரைச் சர்நேம் கட்டத்தில் தள்ளிவிட்டு, பெயர் கட்டத்தில் 'எஃப்என்யு' என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். ஆசை ஆசையாகப் பெயர் வைத்துவிட்டு, 'பெயர் தெரியவில்லை' என்ற முத்திரையோடு குழந்தை விமானம் ஏற வேண்டும். ஐக்கிய அமீரகமும் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று அறிவித்தது. அப்புறம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். ஆனாலும் இந்தத் தலைவலி எதற்கு? பெயர் யாழினி, சர்நேம் கார்த்திகேயன் என்று முழுதாகவே எழுதிவிடுங்கள்.

எழுதிவிட்டால் இன்னொன்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் உங்கள் பெண்ணைப் பல பேர் கார்த்திகேயன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருமுறை வெளியூரில் ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் ஏதோ ஒரு நீளப் பெயரை இழுத்து இழுத்துக் கூப்பிடுகிறார். மூன்றாவது தடவைதான் எழுந்தேன். அது என் அப்பா பெயர். அப்பாவை யாரோ கூப்பிடுகிறார்கள் என்றே காதில் விழுந்திருக்கிறது! நம் முன்னாள் உலக செஸ் சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வைத்த பெயர் ஆனந்த், விஸ்வநாதன் என்பது அப்பா பெயர். ஆனால் உலகம் அவரைச் செல்லமாகக் கூப்பிடுவது 'விஷி' என்று. செல்லப் பெயர் அப்பா கணக்கில் போய்விட்டது.

சரி, எது பொருந்தும்? இரண்டையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மெதுவாக இல்லை, வருகைப் பதிவேடு வாசிக்கும் டீச்சர் வேகத்தில். கீர்த்தனா கார்த்திகேயன். கீர், கார் என்று இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிறது, மரபுக் கவிதையில் இது அருமையான எதுகை. பெயரில் நாக்கு இடறுகிறது. இரண்டு 'ர்த்' அடுத்தடுத்து வருகிறது பாருங்கள். யாழினி கார்த்திகேயன் என்றால் மென்மையாகத் தொடங்கி அழுத்தமாக முடிகிறது. என் ஓட்டு இதற்குத்தான். 'ழ'வைப் பிற மொழிக்காரர்கள் 'ஸ' ஆக்கிக் கொலை செய்வார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். பெயர் முடியும் ஓசையும் அப்பா பெயர் தொடங்கும் ஓசையும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சிவா ஆனந்த் என்று வைத்தால் கேட்பவர் காதில் சிவானந்த்தான். மித்ரா ராஜா மித்ராஜா ஆகிவிடும். அப்பா பெயர் வெங்கடசுப்பிரமணியன் மாதிரி நீளம் என்றால் குழந்தைக்கு நிலா, இனியா என்று இரண்டு மூன்று எழுத்தில் முடித்துக்கொள்வது நல்லது. அப்பா ரவி, மணி என்றால் தமிழ்ச்செல்வி வரைக்கும் தாராளமாகப் போகலாம். அருவி ரவி மட்டும் வேண்டாம், விளம்பரப் பாட்டு மாதிரி இருக்கும்.

இனிஷியலோடும் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. அப்பா சுரேஷ், பெண் மதி என்றால் சு. மதி. அப்பா கோபால் என்றால் கோ. மதி. புள்ளியை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஒரு பெண் சுமதி, இன்னொரு பெண் கோமதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் வைத்த பெயர் அது இல்லையே. பையனுக்கு மாறன் என்று வைத்து அப்பா பெயர் ஏழுமலையாக இருந்தால், ஏ. மாறன். பள்ளிக்கூடத்தில் பையன்கள் சும்மா விடுவார்களா?

உங்களுக்குக் கா. யாழினி, ஒரு வம்பும் இல்லை.

பெயர் முடிவாகவில்லையே என்று பதற வேண்டாம். பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமல் பதிந்திருந்தால், பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை அவகாசம் உண்டு. ஆனால் சேர்க்கப் போகும் அன்று கணவரின் பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆங்கிலத்தில் கார்த்திகேயனுக்கு நடுவில் 'எச்' வருகிறதா இல்லையா என்பதை அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஒரு 'எச்' விட்டுப்போனால் அப்பா ஒரு கார்த்திகேயன், மகள் வேறு கார்த்திகேயன் ஆகிவிடுவார்கள், திருத்துவதற்கு நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்றும் கேள்வியின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அவரையே வேகமாகப் பத்து தடவை கீர்த்தனா கார்த்திகேயன் என்று சொல்லச் சொல்லுங்கள்.