ஒரே கங்குன், வேறு வேறு தண்ணீர்

(காட்சி: வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டு பால்கனி. இரண்டு ரெஜிபோம் பெட்டிகள், இரண்டிலும் கங்குன் என்ற நீர்க்கீரை.)

வணக்கம். வறைக்குக் கீரை ஆய்ந்தபோது மிஞ்சிய தண்டுகள்தான் இவை. இரண்டு பெட்டியிலும் ஒரே கட்டுத் தண்டு. இடதுபக்கப் பெட்டி வெயிலில் இருந்தது, வலதுபக்கப் பெட்டி துணி காயும் கொடிக்குக் கீழே நிழலில். நிழலில் நின்றதைப் பாருங்கள்: தண்டு நீண்டு, இலை வெளிறி, கணுவுக்குக் கணு இடைவெளி கூடிவிட்டது.

(நெருக்கக் காட்சி: குறுக்கே வெட்டிய தண்டு.)

உள்ளே குழாய் மாதிரி வெறுமை தெரிகிறதா? அந்த வழியாகத்தான் காற்று வேருக்கு இறங்குகிறது. சேற்றிலும் தேங்கிய நீரிலும் மூச்சு முட்டாமல் நிற்பது அதனால்தான். சூட்டைப் பற்றிக் கொழும்பில் கவலையே வேண்டாம். 25 முதல் 30 பாகை வரை கங்குனுக்குப் பிடித்த சூடு, நமக்கு ஆண்டு முழுக்க ஏறக்குறைய அதுதான். இங்கே விளைச்சலைத் தீர்மானிப்பது வெயிலும் நீரில் கரைந்திருக்கும் சத்தும்.

சத்து என்றால் முதலில் நைதரசன். அதை அள்ளிப் போட்டால் நல்லதுதானே என்று நானும் ஒருமுறை யூரியாவைக் கண்ணளவில் கொட்டினேன். இலை தளதளவென்று வந்தது, ஒரு வாரத்தில் வேர் பழுப்பாகி நாறியது. சரி, வேர் அழுகாமல் தப்பினாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நைதரசனைச் செடி பெரும்பாலும் நைத்திரேற்று என்ற உப்பாக உறிஞ்சுகிறது. அதைப் புரதமாக மாற்றுவதற்கு ஒளி வேண்டும். நிழலில் உரம் கூடினால் அது மாறாமல் இலையிலேயே தங்கிவிடும். அதனால் வெயில் குடித்த பிற்பகலில் கிள்ளுவது நல்லது, விடியற்காலையில் அல்ல.

(காட்சி: மிதக்கும் லெம்னா, கடுகளவு பச்சை இலைகள்.)

தண்ணீர் மாறினால் சத்து எவ்வளவு மாறும் என்பதற்கு லெம்னாவை விட நல்ல சாட்சி இல்லை. நைதரசன் நிறைந்த நீரில் வளர்ந்தால் அதன் உலர்ந்த எடையில் 40 சதவீதம் வரை புரதம் இருக்கும். சத்துக் குறைந்த நீரில் அது பாதிக்கும் கீழே இறங்கலாம், கூடவே சத்தைத் தேடி வேர் நீளும், இலையில் மாப்பொருள் சேரும். இனம் அதேதான்! அசோலா என்ற மிதக்கும் பெரணியின் கதை வேறு. அதன் இலைக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருந்தே நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறது. அதற்குக் குறைவது பெரும்பாலும் பொசுபரசுதான். குறைந்தால் சிவந்துவிடும்.

(காட்சி: நகரின் சதுப்பு நிலம், மழை.)

இப்போது நம்மூருக்கு வருவோம். 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ், கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. இந்தச் சதுப்புகள் வெள்ளத்தைத் தாங்குகின்றன, வீதிக் கழிவு கலந்த நீரையும் வாங்கிக்கொள்கின்றன. நீரில் இருப்பதைச் சுறுசுறுப்பாக உறிஞ்சும் செடிக்கு நைதரசன் எது, கட்மியம் என்ற நச்சு உலோகம் எது என்ற பேதம் அவ்வளவாகத் தெரியாது. நீர் புளித்தன்மை கொண்டதானால் கட்மியம் இன்னும் எளிதாகக் கரைந்து உள்ளே போகும். இலையின் மேல் படிந்த தூசியை உப்புத் தண்ணீரில் அலசிப் போக்கலாம், இலைக்குள் போனதைப் போக்க முடியாது. கழிவு வாய்க்கால் ஓரத்துக் கீரை எவ்வளவு கொழுத்திருந்தாலும் நான் வாங்கமாட்டேன். சந்தையில் எங்கே விளைந்தது என்று கேளுங்கள். சிலர் சொல்வார்கள், சிலர் முறைப்பார்கள்.

(காட்சி: மீண்டும் பால்கனி.)

வீட்டில் வளர்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். தேங்கிய நீர் என்றால் இங்கே டெங்கு. கொசுக் குடம்பியைத் தின்ன நாலு கப்பி மீன் விட்டால், அதன் கழிவே செடிக்கு அளவான நைதரசனும் ஆகும். யூரியாப் பையை நான் தூக்கிப் போட்டது அதற்குப் பிறகுதான். தண்ணீர் மாற்றும்போது மீனைப் பிடிக்க வலை தேட வேண்டாம், பழைய தேயிலை வடி போதும்.