கடலடியிலிருந்து குன்னூருக்கு

நேயர்களுக்கு வணக்கம். மேட்டுப்பாளையத்துக்கு பஸ்ஸில் இறங்கும்போது பர்லியாறு பக்கம் காது அடைக்கும், இல்லையா? எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும். குன்னூரில் மூடி வைத்த காலி தண்ணீர் பாட்டில் கீழே போனதும் ஒடுங்கியிருக்கும். டைவிங், அதாவது காற்று அடைத்த சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது, என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் இந்த பாட்டிலைத்தான் காட்டுவேன். ஊட்டியிலிருந்து கடற்கரை வரை இறங்கினால் கூடுகிற அழுத்தம், கடலுக்குள் மூன்று மீட்டர் போவதற்குள் கூடிவிடும். பத்து மீட்டரில் மொத்த அழுத்தம் கடற்கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு!

மாலத்தீவில் ஒரு வாரம் படகிலேயே தங்கினேன். படுக்கை, சாப்பாடு எல்லாம் அதிலேயே. கண் விழித்தால் வேறொரு தீவு. சிலிண்டர்களைச் சுமந்து கூடவே ஒரு சின்னப் படகு வரும். அதற்கு அங்கே பெயர் தோணி. கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. தினம் மூன்று முறை இறங்குவோம். மாண்டா திருக்கை ஒன்று பாறைமேல் அசையாமல் நிற்க, பொடி மீன்கள் அதன் உடம்பைச் சுத்தம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அதன் வயிற்றிலுள்ள புள்ளிகளை வைத்தே இது இன்ன மாண்டா என்று அடையாளம் சொல்வார்கள்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வீடு திரும்புவதைப் பற்றி. ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்து தங்கும். கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலியை அழுத்தியதும் பொங்குகிறதே, அழுத்தம் சட்டென்று குறைந்தால் உடம்புக்குள்ளும் அப்படித்தான் குமிழி கிளம்பும். அதனால்தான் பல நாள் டைவிங் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பார்கள். படகுக்காரர்கள் ஒரு முழு நாளே காக்கவைப்பார்கள்.

விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமும் ஊட்டியின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்று. இதை நம் ஊர்க்காரர்கள் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. பின்னொரு முறை புதுச்சேரியில் காலையில் இரண்டு டைவ் முடித்து, விமானம் இல்லையே, கார்தானே என்று அன்றிரவே மலை ஏறினேன். காட்டேரி தாண்டும்போது முழங்கையில் குடைச்சல். பிறகு தோள். மசாஜ் செய்தால் போகிற வலி இல்லை அது. குன்னூரில் டாக்டர் விவரம் கேட்டதும் ஆக்ஸிஜன் வைத்து உடனே கோவைக்கு அனுப்பினார். இறங்க இறங்க வலி தணிந்தது. டைவ் முடிந்தால் சமவெளியில் ஒரு ராத்திரி தங்குங்கள். மறுபடியும் சொல்கிறேன், காராக இருந்தாலும் தங்குங்கள்.

பவளப்பாறைகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், மூன்றே நிமிடம் என்று கை காட்டுகிறார்கள். 1998-லும் 2016-லும் கடல் சூடேறி மாலத்தீவின் பவளங்கள் பெருமளவு வெளுத்தன. வெளுத்ததெல்லாம் அப்போதே செத்ததல்ல. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால், பவளத்துக்குள் வாழ்ந்து நிறம் தந்து, சூட்டில் வெளியேறிய பாசி திரும்பி வந்து மறுபடி நிறம் பிடிக்கும். அப்படிப் பிழைத்த ஒரு பாறையைச் சுற்றித்தான் அந்த மாண்டாவைப் பார்த்தேன். வணக்கம்.