கொஞ்சம் கலைந்த ஒளி

(நாகர்கோவிலில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

வியாழன் தெரிகிற ஒரு ராத்திரி மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். பக்கத்து நட்சத்திரம் மினுங்கும். வியாழன் அசையாமல் நிற்கும். நடுவில் இருப்பது அதே காற்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? இன்றைய பேச்சு முழுக்க இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

மத்தியானம் ஆரல்வாய்மொழி ரோட்டில் தார் மேலே கானல் நெளிவதைப் பார்க்காதவர் இங்கே இருக்க முடியாது. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று காட்டும் ஒளிவிலகல் எண், காற்றுக்குச் சுமார் 1.0003. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஆறாவது தசம இடத்தில் ஏறத்தாழ ஒன்று குறையும். அவ்வளவுதான். ஆனால் சூடும் குளிருமாகக் காற்றுத் திரள்கள் வழியெல்லாம் கிடக்கின்றன. பெரிய சுழல் உடைந்து சின்னச் சுழல், அது உடைந்து இன்னும் சின்னது என்று மில்லிமீட்டர் வரை இறங்கும் இந்தக் கணக்கை 1941-ல் சொன்னவர் ரஷ்யாவின் கணித அறிஞர் கோல்மகோரவ். காற்றின் இந்தக் கலக்கத்துக்குக் கொந்தளிப்பு என்று பெயர். ஒவ்வொரு திரளும் ஒரு மங்கலான லென்ஸ். அரை கிலோமீட்டர் தாண்டுவதற்குள் ஒளி அங்கங்கே குவிந்தும் சிதறியும் போகிறது. நட்சத்திர மினுக்கத்துக்குப் புள்ளியியல் வழியில் அடித்தளம் போட்டு 1952-ல் கட்டுரை எழுதியவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பதை இங்கே பெருமையோடு சொல்கிறேன்.

நட்சத்திரம் நம் கண்ணுக்கு ஒரே புள்ளி. வியாழன் ஒரு வட்டு, பல புள்ளிகள். ஒரு புள்ளி மங்கும்போது இன்னொன்று பிரகாசிக்கும். கூட்டிப் பார்த்தால் நிதானம்.

இப்போது இந்த மேசையைப் பாருங்கள். சுவரில் விழும் இந்த லேசர் வட்டத்தில், மணவாளக்குறிச்சி மணலை அள்ளித் தூவினது மாதிரி பொடிப்பொடியாக மினுங்குகிறதே, அது சுவரின் சொரசொரப்பால் வருவது. லேசரின் அலைகளெல்லாம் ஒரே சீராக வருவதால், சிதறியவை ஒன்றோடொன்று சேர்ந்து ஓரிடத்தில் கூடுகின்றன, ஓரிடத்தில் அழிகின்றன. அலைகள் இப்படி ஒரே சீராக வருவதைப் பள்ளிப் பாடத்தில் ஓரியல்பு என்கிறோம். காற்றுக்குள் போகும்போதும் இந்தச் சீர்தான் லேசருக்கு வினையாகிறது.

பாத்ரூம் ஜன்னலுக்குப் போடும் சொரசொரப்புக் கண்ணாடியை வட்டமாக வெட்டி, சின்ன மோட்டாரில் மாட்டியிருக்கிறேன். லேசருக்கு முன்னால் வைக்கிறேன், சுற்றவிடுகிறேன். மணல் கரைந்துவிட்டது, பார்த்தீர்களா! கற்றை இப்போது பல சிறு கற்றைகளின் கூட்டம். சீர் பாதி குலைந்த இதற்குப் பெயர் பகுதி ஓரியல் ஒளி; நான் கலைந்த ஒளி என்பது இதைத்தான். நாமே செய்துகொண்ட வியாழன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னியாகுமரிக் கரையிலிருந்து விவேகானந்தர் பாறைக்கு ஏறக்குறைய அரை கிலோமீட்டர். பாறையில் ஒரு கண்ணாடியை வைத்து, கரையிலிருந்து ஒளியை அனுப்பித் திரும்பப் பெற்றால், நடுவில் நீராவி எவ்வளவு, உப்பு மூட்டம் எவ்வளவு என்று கணக்கிடலாம். ஆனால் ஒளி குறைந்தது நீராவியாலா, கொந்தளிப்பாலா? இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் கலைந்த ஒளி. ஒரு நிபந்தனை உண்டு: உணர்கருவி ஒரு அளவை எடுத்து முடிப்பதற்குள் சுற்றும் கண்ணாடி வட்டு பல கோலம் மாறியிருக்க வேண்டும். இல்லையென்றால் வட்டே புதிய மினுக்கத்தைக் கொண்டுவந்துவிடும்.

இதற்கு விலையும் கொடுக்கத்தான் வேண்டும். கலைந்த கற்றை அதிகமாக விரியும். தொலைவில் ஒளி நீர்த்துப்போகும். அதனால் எவ்வளவு கலைப்பது என்பதே பொறியாளரின் கைப்பக்குவம். ஆனால் ஒன்று: எப்படியும் விரிகிற கற்றையைக் கொந்தளிப்பு அதற்கு மேல் பெரிதாகக் கெடுப்பதில்லை. இதை 2002-ல் கிரெகரி க்பரும் எமில் உல்ஃபும் கணக்கில் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

முப்பந்தல் காற்றாலைக்கு இது உதவுமா என்று முன்வரிசையில் ஒரு தம்பி கேட்டான். டாப்ளர் முறையில், அதாவது திரும்பி வரும் ஒளியின் அதிர்வெண் மாறுவதை வைத்து, காற்றின் வேகத்தை அளக்கும் லைடார் என்ற லேசர் கருவிக்கு இது ஒத்துவராது, தம்பி. அங்கே திரும்பிய ஒளியைக் கருவிக்குள் இருக்கும் ஒளியோடு கலந்து பார்க்க வேண்டும்; அதற்குச் சீர் தேவை. ஒளியின் அளவை மட்டும் பார்க்கும் கருவிக்கே இந்த உபாயம்.

இப்போது இரண்டிரண்டு பேராக மேசைக்கு வாருங்கள். லேசர் முனைக்குள் மட்டும் யாரும் கண்ணை வைக்காதீர்கள். சுவரைப் பாருங்கள், வட்டை நீங்களே நிறுத்தியும் சுற்றியும் பாருங்கள்.