அருள்மொழி அரியணையை விட்டுக்கொடுத்தது உண்மையா?

அடுத்த கேள்வி. “பொன்னியின் செல்வன் முடிவில் அருள்மொழி கிரீடத்தை எடுத்துச் சித்தப்பா தலையில் வைக்கிறாரே, நிஜமாகவே அப்படி நடந்ததா? ஆதித்த கரிகாலன் கொலையில் உத்தம சோழருக்குப் பங்கு உண்டா?” என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

முதலில், நாவலில் வரும் சேந்தன் அமுதன்தான் உண்மையான உத்தம சோழர், அதாவது அருள்மொழியின் சித்தப்பா, என்பது முழுக்கக் கல்கியின் கற்பனை. ஆனால் விட்டுக்கொடுத்த கதையை அவர் சும்மா கட்டவில்லை. ராஜேந்திர சோழர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இருக்கிறது. குடிமக்கள் வேண்டிக் கேட்டும், சித்தப்பாவுக்கு ஆட்சியில் ஆசை இருக்கும்வரை அருள்மொழி மனதாலும் அதை விரும்பவில்லையாம். பிறகு உத்தமர் ஆட்சிக்கு வந்து, அருள்மொழிக்கு இளவரசுப் பட்டம் கட்டுகிறார்.

சரி, இதைச் சொல்வது யார்? பின்னாளில் ராஜராஜன் ஆன அருள்மொழியின் மகன் ராஜேந்திரனுடைய அவைப் புலவர். தன் அரசரின் அப்பாவைப் பற்றி வேறு எப்படி எழுதுவார்? என் கணக்கில் அது பெருந்தன்மையும் இல்லை, சதியும் இல்லை, ஒரு பங்காளி ஒப்பந்தம். கண்டராதித்தர் இறந்தபோது மகன் உத்தமர் சின்னப் பையன். அதனால் ஆட்சி தம்பி அரிஞ்சயருக்கும், அவர் மகனும் அருள்மொழியின் அப்பாவுமான சுந்தர சோழருக்கும் போனது. வளர்ந்தபின் உத்தமர் தன் பங்கைக் கேட்டால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் சுமார் 971 முதல் 985 வரை ஆண்டார்.

இனி அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. பொதுவாக ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு என்பார்கள். ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான’ சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோருடைய சொத்துகளைப் பறிமுதல் செய்த விவரம் அதில் இருக்கிறது. அவர்களோடு விட்டார்களா? பிள்ளைகள், தம்பிமார், தாய்மாமன், பெண் கொடுத்த மாமனார் வரைக்கும் சொத்து போகிறது! அப்புறம் இன்னொன்று. நாவலில் ரவிதாசன் பாண்டிய மன்னனுக்காக உயிரையும் கொடுக்கச் சபதம் செய்த மெய்க்காவலன், ஆபத்துதவி. கல்வெட்டில் ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பட்டங்கள். அதாவது அரசு அதிகாரிகள் வாங்குகிற பட்டம். அரண்மனைக்கு நெருக்கமான ஆட்களாக இருந்திருக்க வேண்டும்.

உத்தமர் ஆண்ட காலம் முழுக்க இவர்கள் தப்பித்திருந்து, ராஜராஜன் வந்ததும் மாட்டினார்கள் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரிக்கும் வந்தது. உத்தமருக்குப் பங்கு உண்டு என்றே அவர் கருதினார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. நான் பண்டாரத்தார் கட்சி. கல்வெட்டில் இருப்பது பறிமுதல் சொத்து சம்பந்தப்பட்ட ஏற்பாடு. கொலைக்கான விசாரணையும் அதே ஆண்டில்தான் தொடங்கியது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. தவிர, உத்தமர் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜன் ஆட்சியிலேயே கோயில் காரியங்களை மேற்பார்வை பார்க்கும் அதிகாரியாக இருக்கிறார். துரோகிக்குப் பெண் கொடுத்த மாமனாரையே விடாதவர்கள், அண்ணனைக் கொல்லச் சொன்னவர் மகனுக்குப் பதவி கொடுத்து வைத்திருப்பார்களா, நீங்களே சொல்லுங்கள்.

நாவலில் வரும் நந்தினி பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். கல்வெட்டு எதிலும் அந்தப் பெண் இல்லை. வந்தியத்தேவன் நிஜம். ராஜராஜனின் அக்கா குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்கிறது.